மார்கழி வரை இருந்த கிணறு

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கெடிலம் ஆறு என்றால் பாலத்தில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய இடம். நான் அதன் சேற்றில் இறங்கிப் பல வருடமாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்கள் மூடிக் கிடக்கும், எனக்கும் வியாபாரம் இருக்காது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவேன். வெள்ளம் வந்து வடிந்த பிறகு கரை அரித்து, உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே தலை நீட்டும். சுடுமண் மணி, வெள்ளைக்காரன் புகைத்துப் போட்ட களிமண் குழாயின் துண்டு, தேய்ந்த செப்புக்காசு, கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடு. ஊரில் செத்தவர்களுக்குக் கருமாதி செய்துவிட்டுப் போட்ட பானைகளின் ஓடும் இதோடு கலந்து கிடக்கும். எது பழசு, எது போன வாரத்துச் சாவினுடையது என்று கையில் எடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும். இதை ஒரு திறமையாக என் வீட்டில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. ஆற்றிலிருந்து வந்தால் கொல்லையில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது என் மனைவியின் சட்டம்.

துணைக்கு வருகிறவன் அவளுடைய தம்பி மட்டும்தான். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். முதலில் புதையல் கிடைக்கும் என்று நம்பி வந்தான். கிடைக்காது என்று தெரிந்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை.

அந்த வருடம் மழையில் ஆறு புதுப்பாளையம் பக்கத்துக் கரையை வெட்டிக்கொண்டு போயிருந்தது. மார்கழி பிறந்து முதல் ஞாயிறு, சீமைக்கருவேலம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்த இடத்தில், வட்டமான சுடுமண் உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். பாதி வட்டம் வெளியே, பாதி மண்ணுக்குள். அந்தக் காலத்து உறைகிணறு.

"என்னா மாமா, கக்கூஸ் உறையாட்டம் இருக்கு" என்றான் மச்சான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்கும் எங்கள் ஊரில் கக்கூஸ் குழிக்கு இதே அளவில்தான் சிமென்ட் உறை இறக்குகிறார்கள். ஆனால் இதன் விளிம்பில், ஈர மண்ணாக இருந்தபோது அழுத்திய ஒரு கட்டைவிரலின் தடம் அப்படியே இருந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை, செய்தவருக்குச் சின்ன விரல். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூடவே பயமும் வந்தது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். அதற்கு முன்னால் ஜேசிபி விட்டுக் கரையைச் சமன் செய்து கடை போட இடம் பிரிப்பார்கள். அரித்த இடத்தைத்தான் முதலில் மூடுவார்கள். அதற்குள் விவரம் தெரிந்த ஒருவர் வந்து அளந்து, படமெடுத்து, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டால் கிணறு பிழைத்துக்கொள்ளும். ஜெராக்ஸ் கடைக்காரன் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

மறுநாளே கடையை மூடிவிட்டுச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கீழவீதிப் பக்கம் இருக்கிறார். இந்தப் பக்கத்தில் பழம்பொருள் என்றால் பத்திரிகைக்காரர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். வழியெல்லாம் மார்கழிக் கோலம், சாணி உருண்டையில் பூசணிப்பூ. போனில் இருந்த படங்களைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். கெடிலக்கரையில் இவ்வளவு முழுசாக ஒன்று கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை என்றார். காப்பி வந்தது. எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"மார்கழியாச்சே. புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கறதில்ல. தை பொறக்கட்டும், மொத வேலை இதான். அதுவரைக்கும் யாரும் கை வெச்சிடாதீங்க. ஒரு உறை நகந்தாக்கூட சாட்சி போயிடும்."

திருவிழாவைச் சொன்னேன். ஜேசிபியைச் சொன்னேன். பொங்கல் முடிந்த கையோடு வந்துவிடுவதாகச் சொன்னார். இரண்டாயிரம் வருடத்தை விரல்நுனியில் வைத்திருப்பவருக்கு ஒரு மாதம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வரும் ஆபீஸ்காரர்கள் சிலரிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர்களும் பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். மார்கழியில் பெண் பார்க்க மாட்டோம், வீடு மாற மாட்டோம், அது தெரிந்ததுதான். கிணறும் பார்க்க மாட்டோம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வண்டி இருக்கு மாமா. மேல கெடக்கற ரெண்டு உறையையாச்சும் ஏத்திக்கினு போயிடலாம்" என்றான் மச்சான்.

நான் விடவில்லை. சாட்சி போய்விடும் என்று அவர் சொன்னது எனக்கு வேதவாக்கு. கருவேல முள்ளை வெட்டிப் போட்டு மறைத்துவிட்டு வந்தோம். வாராவாரம் போய் முள் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். பேராசிரியருக்கு போன் செய்தால், ஞாபகம் இருக்கிறது என்பார்.

காணும் பொங்கலன்று காலை மச்சான் போனில் கூப்பிட்டான். ஜேசிபி இறங்கிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்த இடம் கல்யாண வீட்டு முற்றம்போல மட்டமாகியிருந்தது. டிரைவர் ஒரு ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். முள்ளுக்குள் இருந்ததை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பழைய கக்கூஸ் குழி சார் அது. தெருவிழாவுக்கு வர்ற புள்ளைங்க கால உட்டுதுன்னா என்னாவறது? ஒடச்சி மூடிட்டேன்."

நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார். அவர் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் நின்றேன். சக்கரத்தடத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன். கட்டைவிரல் தடம் அதில் இல்லை. கலைந்த மண்ணைக் கையால் கிளறிக் கிளறிப் பார்த்தும் அது கிடைக்கவில்லை.

திருவிழாவன்று அந்த இடத்தில் ராட்டினம் நின்றது. ஆற்றுத் திருவிழாவில் மட்டும் விற்கும் சுருளிக் கிழங்கை என் மனைவி வாங்கிவந்து அவித்தாள். நான் தட்டை நகர்த்திவைத்தேன். அடுத்த வாரம் பேராசிரியர் சொன்னபடி வந்தார். கரையில் நின்று பார்த்தார், சாட்சி போய்விட்டதே என்றார், வந்த காரிலேயே திரும்பிப் போனார்.

சித்திரையில் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தொல்லியல் கூட்டம் என்று கேள்விப்பட்டு, அந்தத் துண்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மச்சானோடு போனேன். யாராவது அதைப் பார்த்து, எங்கள் ஆற்றில் ஒரு கிணறு இருந்தது என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும் என்று நினைத்தேன். பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கெடிலத்தைப் பற்றித்தான் பேசினார். ஓர் அருமையான உறைகிணற்றைத் தேடித் தானே நேரில் போனதாகவும், போவதற்குள் அந்த ஊர்க்காரர்கள் அதை உடைத்து மேலே ராட்டினம் சுற்றிவிட்டதாகவும், இந்த ஜனங்களுக்கு அருமை தெரியாது என்றும் சொன்னார். கூட்டம் உச்சுக்கொட்டியது. எழுந்து நின்றேன்.

"ஐயா, மார்கழியிலயே வந்து உங்ககிட்ட சொன்னனே."

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பொய் சொல்லவில்லை, தடுமாறவும் இல்லை. மைக்கை விட்டு விலகாமல் சிரித்தார்.

"வந்தீங்க, வந்தீங்க. மார்கழியில வந்து கேட்டா, தை பொறக்கட்டும்னுதானே யாரும் சொல்லுவாங்க?"

மண்டபமே சிரித்தது. கேலியே இல்லாத, சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் சிரிக்கிற சிரிப்பு. எனக்காகப் பேச ஒருவராவது இருப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு மச்சானும் சிரித்துக்கொண்டிருந்தான்.