எட்டாவது தூண்

எனக்கு எழுபத்தேழு நடக்கிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். வயிற்றில் சுமந்தது நாலு, என் தங்கச்சி பாதியில் விட்டுப் போனது ரெண்டு. ஆறு பேரில் ஒருத்தரும் இன்றுவரை அடுத்தவர் வாசலில் கைகட்டி நின்றதில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். பள்ளிக்கூடம் எனக்கு ரெண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும். எனக்கு என்ன பஸ் தவறிவிடப் போகிறதா?

எழுத வைத்தவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், வெளிநாட்டுக்காரர்களோடு பேசி ஆர்டர் பார்க்கிற வேலை அவளுக்கு. டென்மார்க்கில் சரக்கு எடுக்கிறவர் அனுப்பினார் என்று போனில் ஒரு படம் ஓட்டிக் காட்டினாள். அந்தச் சீமையில் ஆயிரம் வருசத்துக்கு முன்னால் வைக்கிங் என்று ஒரு சனம் இருந்ததாம். அவர்களுடைய ராசா கொலுவிருந்த மண்டபம் மண்ணோடு மண்ணாகிப் போய், தூண் நட்ட குழிகள் மட்டும் மிஞ்சினவாம். அந்தக் குழிகளை வைத்தே, பழைய முறைப்படி, மண்டபத்தைத் திரும்ப எழுப்புகிறார்கள். தாடிக்கார ஆட்கள் கோடாலியால் மரத்தைச் சதுரம் பண்ணுகிறார்கள். துளை போட்டு மர முளை அடிக்கிறார்கள்.

“ஒரு ஆணி கூட இல்லாம நிக்குமாங்க அம்மாயி?” என்றாள்.

“நிக்கும் கண்ணு. நான் பாத்திருக்கறேன்.”

“நீங்க எப்பங்க டென்மார்க் போனீங்க? சொல்லவே இல்லியே!” என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும். நான் பார்த்தது தாராபுரத்துக்கு மேற்கே, அமராவதிக் கரையில், நான் பிறந்த ஊரில். எங்கள் ஊர் அரமனைக்குத் தெற்கே ஒரு பொட்டல் கிடந்தது. அதில் ஆறும் ஆறுமாக ரெண்டு வரிசையில் பன்னிரண்டு கல். ஒவ்வொரு கல்லின் நடுவிலும் சதுரமாக ஒரு குழி. அரமனைக்காரர்களின் முன்னோர் கொலுவிருந்து நியாயம் சொன்ன மண்டபம் அங்கேதான் நின்றது, ஏதோ ஒரு சண்டையில் எரிந்துபோனது என்பார்கள். எந்தச் சண்டை, யார் வைத்த தீ என்பதை ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள். அந்த மண்டபத்தைக் கண்ணால் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. மழை பெய்தால் குழிகளில் தண்ணீர் நிற்கும், ஆடுகள் குடிக்கும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அரமனைப் பெரியம்மா அதைத் திரும்ப எழுப்ப முடிவு பண்ணினார். காரணம் ஊருக்கே தெரியும். ஒரே மகன். மருமகளுக்கு ரெண்டு கரு தங்காமல் போயிற்று. மண்டபம் எரிந்த அன்றே குடியின் காவல் போய்விட்டது, அது நின்றால் குடி நிற்கும் என்று கோயிலில் குறி சொன்னார்கள். பெரியம்மா எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். என்னைப் பெற்ற அய்யன்தான் அந்தப் பக்கத்துக்குத் தலைமைத் தச்சர். “பழைய மண்டபம் எப்படி நின்னுதோ அப்படியே நிக்கோணுமுங்க ஆசாரியாரே. இரும்பு ஆணி ஆகாது, சிமிட்டி ஆகாது” என்றார். அய்யன், பார்த்துச் சொல்கிறேன் என்றதோடு நிறுத்திக்கொண்டார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

பழைய தூண்கள் என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது. அய்யன் ஒரு குழியின் அடிமண்ணைக் கிளறிக் கரித்துண்டு ஒன்றை எடுத்தார். உடைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், கடைசியில் வாயில் போட்டு மென்றே பார்த்துவிட்டு, “இலுப்பை” என்றார். எவ்வளவு உயரம் என்பதும் தெரியாது. ஊரில் ஒரு கிழவி தாலாட்டில் ஒரு வரி பாடுவாள், குதிரையை விட்டு இறங்காமல், பிடித்த குடையை மடக்காமல் அவர்கள் கொலுவுக்குள் போவார்கள் என்று. அந்த வரியை நம்பி, தாராபுரத்திலிருந்து ஒரு சட்கா வண்டிக் குதிரையைக் கொண்டுவந்து, என் தாய்மாமனை அதன்மேல் ஏற்றி, கையில் விரித்த குடையைக் கொடுத்தார்கள். தரையிலிருந்து குடையின் நுனிவரை சித்தப்பா கயிறு பிடித்து அளந்தார். குதிரை நெளிந்தது. மாமன் “யோவ், சீக்கிரம் அளங்கையா!” என்று கத்தினார். “அசையாதீங்க மாப்ள, நீங்க நெளிஞ்சா மண்டபமே நெளிஞ்சுபோகும்” என்றார் சித்தப்பா. அந்த வேலை நடந்த ஒன்றரை வருசத்தில் ஊர் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

ஆற்றங்கரைத் தோப்பில் தூணுக்கென்று பன்னிரண்டு இலுப்பை மரங்களைத் தேர்ந்தார்கள். வெட்டுவதற்கு முந்தின நாள் அய்யன் ஒவ்வொரு மரத்தடியிலும் படையல் வைத்துக் கும்பிட்டார். இதில் குடியிருக்கிற தெய்வங்களும் பட்சிகளும் எங்களை மன்னித்து வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கோடாலி முனையில் நெய் தடவினார். பன்னிரண்டுக்குத்தான் உத்தரவு கேட்டிருந்தார். அந்தத் தோப்பில் பதிமூன்றாவது மரத்திலிருந்து ஒரு சிராய்கூட எடுக்கக்கூடாது.

இன்னொரு கட்டும் இருந்தது. மரம் பூமியில் எப்படி நின்றதோ அப்படித்தான் தூணாகவும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, தலைப்பக்கம் மேலே. தலைகீழாக நட்ட தூண் அந்தக் குடியையும் தலைகீழாக்கும் என்பது தச்சர் வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். நாலு பக்கமும் செதுக்கிச் சதுரம் பண்ணிவிட்டால் எது அடி, எது தலை என்று லேசில் தெரியாது. அதனால் மரம் சாய்ந்த உடனே அடிப்பக்கத்தில் காவியால் பட்டையாக ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கடைசியில் கோடு உள்ள முனையில் கல்குழிக்கு ஏற்ற நாக்கும், மறுமுனையில் உத்தரத்துக்கு ஏற்ற நாக்கும் செதுக்குவார்கள். செதுக்கிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது.

காவிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அய்யன் பின்னால் நடக்கிற வேலை எனக்கு. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. பொட்டப்புள்ளைக்கு அங்கே என்ன என்று ஆத்தா கத்துவாள். அய்யன் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைப்பார். அது எனக்குப் பெரிய பட்டம் கிடைத்த மாதிரி.

கொட்டகையில் பதினோரு மரத்துக்குத்தான் இடம் இருந்தது. சதுரம் பண்ணி முடித்த ஒன்று வெளியே, அடிப்பக்கம் ஒரு புளியமரத்தைப் பார்த்தபடி கிடந்தது. ஒரு சாயங்காலம் கோடைமழை அடித்துப் பெய்தது. மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்க்கிறேன், அந்த மரத்தின் காவிக்கோடு சுத்தமாகக் கரைந்து போயிருந்தது. ஆட்கள் இன்னும் வரவில்லை. அடிப்பக்கம் புளியமரத்தைப் பார்த்தது என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. காவியைக் குழைத்து, அந்த முனையில், அய்யன் போடுகிற மாதிரியே பட்டையாக ஒரு கோடு போட்டேன். இன்னும் கேட்டால் அவர் போட்டதைவிட நேராக. யாரிடமும் சொல்லவில்லை. அவராகக் கண்டுபிடித்துக் கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் அப்போது உத்தர மரத்தில் முழுகிக் கிடந்தார். தூண்களுக்கு நாக்கு செதுக்கியது சித்தப்பா. கோட்டைப் பார்த்தார், செதுக்கினார்.

தூண் நிறுத்துகிற நாள் வந்தது. ஊரே கூடியிருந்தது. பெரியம்மா ஒவ்வொரு குழியிலும் நவதானியமும் பாலும் விட்டார். கயிறு கட்டி, கவைக்கோல் கொடுத்து, உச்சிப்பொழுதுக்குள் எட்டுத் தூண்களை நிறுத்திவிட்டார்கள். எட்டாவதாக நின்றது அந்தப் புளியமரத்தடி மரம்.

சோற்றுக்கு உட்கார்ந்தபோது சித்தப்பா தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார். “இந்த எட்டாவது தூண் இருக்குதே, இது என் தோளை வாங்கீட்டுதுங்க. அந்த மழையன்னிக்கு, தண்ணி ஓடி வருதுன்னு, நானும் மாப்ளையும் இதை முன்ன பின்னயாச் சுத்தித் திருப்பிப் போட்டம் பாருங்க, அன்னைக்குப் புடிச்ச வலி” என்றார்.

“உங்க தோளுக்கு வலி எதுக்கு, வேலை செய்யாம இருக்கறதுக்கா?” என்றார் மாமன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டேன். மரத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் நான் காலையில் பார்த்தபோது புளியமரத்தைப் பார்த்துக் கிடந்தது தலை. தலையில் கோடு போட்டிருக்கிறேன். தூண் தலைகீழாக நிற்கிறது. நிமிர்ந்தால் பெரியம்மாவின் மருமகள் தெரிகிறார், மூன்றாவது தடவையாக மாசமாக இருந்தார், முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு அந்த எட்டாவது தூணின் நிழலில் நின்றிருந்தார்.

அய்யன் தனியாகக் கைகழுவப் போன இடத்துக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். மழை, கோடு, புளியமரம், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே கையைத் துண்டில் துடைத்தார். என்னைத் திட்டவில்லை. எழுந்து அந்தத் தூணிடம் போனார். உள்ளங்கையைத் தூணின் மேல் வைத்து மேலே கொண்டுபோனார். ஓர் இடத்தில் கை நின்றது. அங்கே ஒரு கணு இருந்தது. அந்தக் கணுவின்மேல் கையை வைத்தபடி, சனம் எல்லாம் பார்க்க, வேலை சரிபார்க்கிறவர் போல வெகுநேரம் நின்றார்.

கணு என்ன சொல்லும் என்று அப்போது எனக்குத் தெரியாது. நாற்பது வயசுக்கு மேல், அருள்புரத்தில் நாங்கள் ஊடு கட்டினபோது, வாசல் நிலவு செய்ய வந்த ஆசாரிதான் சொன்னார். கிளை என்பது மேலே பார்த்துத்தான் கிளம்பும், அதனால் எவ்வளவு செதுக்கினாலும் கணுவின் சாய்வு தலைப்பக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று. அவர் சொல்லிவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று அய்யன் கை அந்தக் கணுவில் ஏன் நின்றது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அய்யன் செத்து அப்போது பத்து வருசத்துக்கு மேல்.

அன்று அவர் திரும்பி வந்து என் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார். “இதை வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா கண்ணு?” என்றார்.

“இல்லீங்கய்யா.”

“அப்பச் சரி. தூண் சரியாத்தான் நிக்குது. போயி மிச்சச் சோத்தத் தின்னு.”

அவர் சொன்னால் சரிதான். எனக்கு அப்போதே பாரம் இறங்கிவிட்டது. போய்ச் சோறு தின்றேன். சாயங்காலத்துக்குள் மறந்தும் போனேன். அய்யன் மறக்கவில்லை என்பதும், தூணைப் பிடுங்கினால் ஏன் பிடுங்கினாய் என்று ஊர் கேட்கும், கேட்டால் அந்தக் கோடு போட்ட கை யாருடையது என்று தெரியும், குடிகெடுத்தவள் என்ற பேரோடு ஒரு பொட்டப்புள்ளை அந்த ஊரில் எப்படி வளரும், எந்த வீட்டுக்கு வாழப் போகும் என்பதும் என் புத்திக்கு எட்டவில்லை. அவர் நம்பாத மனிதர் இல்லை. கோடாலிக்கு நெய் தடவி மரத்திடம் மன்னிப்புக் கேட்டவர். அந்தத் தூண் என்ன செய்யும் என்று நெஞ்சார நம்பியே அதை நிற்க விட்டார்.

உத்தரம் ஏற்றி, வளை போட்டு, ஓடு வேய்ந்து மண்டபம் முடிந்தது. ஒரு இரும்பு ஆணி கிடையாது. குடியேற்று நாளில் தலைமைத் தச்சருக்குப் பரிவட்டம் கட்டுவது முறை. அதைப் பார்க்க நான் எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். பெரியம்மா பட்டுத் துணியை எடுத்ததும் அய்யன் ரெண்டு அடி பின்னால் போனார்.

“எனக்கு வேண்டாமுங்க. தம்பிக்குக் கட்டுங்க.”

பெரியம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “ஏனுங்க? மண்டபத்துல ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?”

“மண்டபம் நிக்குமுங்க. அதுக்கு நான் பொறுப்பு” என்றார்.

பட்டு சித்தப்பா தலையில் ஏறியது. ஊட்டுக்கு வந்து ஆத்தா ஆடித் தீர்த்துவிட்டாள். “ஊரே பாக்கத் தலையக் குனிஞ்சு ஒரு துணிய வாங்கறதுக்கு உங்களுக்கு எங்கீங்க வலிச்சுது? ஒன்றரை வருசம் மரத்தோட மரமாக் கெடந்தது நீங்க, மொட்டைத் தலைல பட்டு மினுக்கறது உங்க தம்பியா?” என்றாள். எனக்கும் அவர்மேல் கோபம்தான். எங்கய்யனுக்குப் பட்டுக் கட்டப் போகிறார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேனே.

அதற்கு மூன்று மாசம் கழித்து ஒரு காலைநேரம். அய்யன் வாசலில் மரம் செதுக்குகிற வாச்சியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்த மூன்று மாசத்தில் ஆள் பாதியாகியிருந்தார், வயித்துக்கோளாறு என்று ஆத்தா கசாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரமனை வேலைக்காரி தட்டில் சர்க்கரையோடு ஓடிவந்தாள்.

“பெரியம்மா சொல்லீட்டு வரச் சொன்னாங்க. பொட்டப்புள்ளைங்க. தாயும் புள்ளையும் நல்லாருக்கறாங்க.”

அய்யன் வாச்சியைக் கீழே வைத்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, சிராய்க் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். தோள் ரெண்டும் குலுங்கக் குலுங்க அழுதார். அவரைப் பெற்றவள் செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

“அட, பெத்தவங்களே சர்க்கரை குடுத்தனுப்பறாங்க, பொட்டப்புள்ள பொறந்ததுக்கு நீங்க எதுக்குங்க அழுகறீங்க?” என்றாள் ஆத்தா.

அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஊரில் மற்றவர்கள் அழுவது போலத்தான் இவரும். யார் வீட்டிலோ பொட்டப்புள்ளை பிறந்ததற்கே இப்படி அழுகிறவர், நான் பிறந்த அன்று எவ்வளவு அழுதிருப்பார்! காவிச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்ததெல்லாம் வெறும் வேசம்தானா?

கொஞ்சநேரம் கழித்து அவர் முகம் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தலையில் கையை வைத்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அவ்வளவுதான். கண்ணு, போனை அந்தப் பக்கம் வை. இந்த நோட்டை எடுத்து மொதல்ல இருந்து எனக்குப் படிச்சுக் காட்டு. எழுத்துத் தப்பு இருந்தாத் திருத்த வேண்டாம், அப்படியே படி. அவசரமில்லாமப் படி சாமி.