என் முதுகுக்குப் பின்னால் தொங்கிய படம்

பெங்களூரில் ஒரு கலைக்கூடத்தில் காவல் வேலை பார்க்கிறேன். என்ன பெரிய வேலை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான். நாற்காலி படத்துக்குக் கீழே, சுவரை ஒட்டிக் கிடக்கும். படத்தைத் தொட வருகிற கையைத்தான் நான் பார்க்க வேண்டும், படத்தை அல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படங்களுக்கு முன்னால் நின்று ஆட்கள் பேசுகிற பேச்சைக் கேட்டுக் கேட்டே நாலு விஷயம் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் ஒரு கல்லூரி மேடம் தன் பி.காம். பிள்ளைகளை அழைத்து வந்தார். ஆளுக்கு ஒரு படம். மூன்று வாரம், வாரத்துக்கு ஒருமுறை வந்து அதையே பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். இன்டர்னல் மார்க் அதற்குத்தான். எங்கள் இடத்தில் போட்டோ எடுக்கக் கூடாது, பேனாவும் கூடாது, பென்சில்தான்.

ஆடுகோடியிலிருந்து வந்த ஒரு பெண், நான் காவல் இருந்த படத்தை எடுத்துக்கொண்டாள். வீட்டு வாசலில் ஒரு பெண்மணி நிற்கிற படம். இரண்டு வாரம் பக்கம் பக்கமாக எழுதினாள். மூன்றாம் வாரம் வந்தபோது சுவரில் இரண்டு கொக்கிகள்தான் இருந்தன.

“அங்கிள், படம் எங்க?”

“முந்தாநாள் எறக்கிட்டாங்கம்மா. ஈரம் ஏறிடுச்சாம், சரிபண்ண அனுப்பறாங்க.”

“ஐயோ, நாளைக்கு சப்மிட் பண்ணணுமே!” நோட்டைத் திறந்து காட்டினாள். “அந்தம்மா உள்ள வர்றாங்களா, வெளிய போறாங்களா? அத வெச்சுத்தான் மொத்தமும் எழுதியிருக்கேன். போன வாரம் காலைப் பாக்கறதுக்குள்ள நீங்க பெல் அடிச்சிட்டீங்க. தினமும் இங்கதானே இருக்கீங்க, பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்?”

ஒன்பது வருஷம். சேலையின் நிறம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பாதம்?

“தெரியலையேம்மா. ஆனா ஒருநாள் ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. ‘பாருங்க, கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டா’ன்னு அவ சொன்னா. ‘எங்கடி கெளம்பினா? நாலு நாள் இருந்துட்டுத் திரும்பி வர்றா, மூஞ்சியப் பாரு’ன்னு அவரு.”

சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. “அது நீங்க கேட்டது அங்கிள். மேடம் நான் பாத்ததத்தான் கேப்பாங்க.”

இறக்கிய படங்களை வைக்கிற ஸ்டோருக்கு ஓடினேன். “ஆகல்லப்பா, முடியாது, பெட்டியில வெச்சு ஆணி அடிச்சாச்சு” என்றார் அங்கிருந்த ஆபீசர்.

“அஞ்சு நிமிஷம் சார், காலை மட்டும் பாத்தா போதும்.”

“ஒம்பது வருஷமா கூடவே இருந்தியே, பத்தலையா?”

திரும்பி வந்தேன். காலிச் சுவருக்கு எதிரே, தரையில், பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். நோட்டில் அந்தக் கேள்விக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஐந்தரைக்கு மணியடிக்க வேண்டியதும் நான்தான். அடித்தேன். “வர்றேன் அங்கிள்” என்று எழுந்து போனாள். மார்க் போட்டார்களோ இல்லையோ, யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த வாரம் அந்தக் கொக்கிகளில் வேறு படம் வந்தது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் வந்தார், எழுந்து நின்றேன். நாற்காலியைப் பழையபடி சுவரோடு நகர்த்திவிட்டுப் போனார்.