வீட்டில் ஆளில்லை

ஈப்போ பதிவு அலுவலகத்தில் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மலாயில் கேட்டாள்: "உங்கள் அத்தை பிறந்தபோது அவருடைய அப்பா இந்த நாட்டில்தான் இருந்தார் என்பதற்கு ஏதாவது இருக்கிறதா?" மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. என் பக்கத்தில் அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், இந்த நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போகாதவர். பிறகென்ன, இவர் வானத்திலிருந்தா குதித்தார்?

அத்தைக்குப் பல வருஷம் இளையவர் என் அப்பா. அவர் பிறந்தபோது பிரசவம் சிக்கலாகி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே பதிந்துவிட்டார்கள், அதனால் அவருக்கு நீல ஐசி, குடிமக்களுக்கான அடையாள அட்டை. அத்தை பிறந்தது தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில். யாரும் போய்ப் பதியவில்லை. அவருக்கு இன்றைக்கும் சிவப்பு ஐசிதான். இங்கே இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரர் இல்லை, ஓட்டுப் போட முடியாது. "சாகறப்பயாச்சும் நீல ஐசியோட சாகணும்டி" என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அன்றைக்கு என்னைப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

தாத்தாவின் பெயரைத் தேடி அலைந்தேன். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. அங்கே ஆபீசில் இருந்தவன் பழைய காகிதமெல்லாம் எரித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டான். விடுப்புப் போட்டுக் கோலாலம்பூருக்குப் போய், ஆவணக் காப்பகத்தில் கிடந்து, கடைசியில் அந்தத் தோட்டத்தின் பழைய குடிக்கணக்கைக் கண்டுபிடித்தேன். லயம் லயமாக எழுதியிருந்தார்கள். அத்தை சொன்ன வீட்டுக்கு இந்தப் பக்கத்து வீடு இருந்தது, அந்தப் பக்கத்து வீடும் இருந்தது. நடு வீட்டுக்கு நேரே ஆளில்லை என்று போட்டிருந்தது. தோட்டத்து மாட்டையெல்லாம் எண்ணி எழுதிய கிராணிக்கு என் தாத்தா மட்டும் கண்ணில் படவில்லையா? அங்கேயே வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வேறு மேசைக்குப் போனார். திரும்பி வந்த பஸ்ஸிலும் வழியெல்லாம் கிராணியையும் அவனுக்குச் சம்பளம் கொடுத்த துரையையும் வைதுகொண்டே வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது எங்கள் ஃப்ளாட் கதவிடுக்கில் ஒரு துண்டுச் சீட்டு: வந்தோம், வீட்டில் ஆளில்லை, சனிக்கிழமை மறுபடியும் வருவோம். முழங்கால் வலியோடு அத்தை எங்கே போயிருப்பார்? உள்ளே போனால் விளக்கு, காற்றாடி, டிவி எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் குசினியில் அடுப்புப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கதவத் தட்டுனாங்களா அத்தை?"

"தட்டுனாங்க."

"ஏன் தொறக்கல?"

"கணக்கு எடுக்க வந்தவங்கலா. அவங்களுக்குப் போயி யாராச்சும் தொறப்பாங்களா?"

பிறகு, ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். தாத்தா கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் தன்னை அடித்த கங்காணியைத் திருப்பி அடித்துவிட்டு ஓடிவந்தவராம். பிடித்தால் ஜெயில். பீடோர் லயத்துக்காரர்கள் அவரை ஒளித்துவைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் ரப்பர்ப் பால் வெட்டினார். கணக்கெடுக்க ஆள் வரும் நாளில் பெண்டாட்டி பிள்ளையோடு பால்மரக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒரே வாயாக, அங்கே ஆளில்லை என்பார்கள். தேடிவருகிறவர்கள் ஓய்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அத்தையின் பிறப்பைப் பதியாததும் அதனால்தான்.

"இத ஏன் இவ்ளோ நாளா எங்கிட்ட சொல்லல?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காருலா."

கையிலிருந்த சீட்டைக் கசக்கி எறிந்தேன். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கிராணி, லயத்துக்காரர்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறான். தாத்தாவை இல்லாமல் ஆக்கியது அவர்மேல் உயிரையே வைத்திருந்த ஜனங்கள். அவர்களை எப்படித் திட்டுவேன்? ஒரு மனிதனைக் காப்பாற்ற அவன் பிறக்கவே இல்லை என்பதுபோல நடக்க வேண்டியிருந்ததே, அந்தப் பிழைப்பை நினைத்து வயிறெரிந்தது. இன்னும் எரிகிறது.

சனிக்கிழமை ஒரு மலாய்க்காரப் பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு என்றேன். குசினியிலிருந்து அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அவசரமாக வந்தார். "நான் விருந்தாளி. நாளைக்குப் போய்விடுவேன்" என்றார் மலாயில், சிரித்த முகத்தோடு. அந்தப் பெண்ணின் விரல் நின்றுவிட்டது.

"எழுதுங்கள். இவர் இங்கேயே பிறந்தவர். எங்கேயும் போக மாட்டார்." நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சீனக் கிழவர் கதவைத் திறந்து பார்த்தார். அத்தையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கதவை மூடிவிட்டுத் திரும்பினேன். அத்தை சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு லயமே சேந்து ஒளிச்சு வச்சாங்க. நீ காட்டிக் குடுத்துட்டியேடி" என்றார்.