வல்லயத்தைத் தொட்டவள்

மாரிசெல்வி படித்த படிப்பின் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். வாசுதேவநல்லூரில் அவளுடைய அம்மா முருகம்மாள், "நர்சு மாதிரி, ஆனா நர்சு இல்ல" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் திருநெல்வேலியில் கல்லூரி. நாலாவது வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால்தான் பட்டம். அவளுக்குக் கிடைத்தது சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி.

முதல் வாரம் வடை வாங்கத்தான் அனுப்பினார்கள். அடுத்த வாரம் காது தொங்கிய நிலையில் ஒருவனைக் கொண்டுவந்து போட்டார்கள். அதைப் பார்த்து இன்னொரு மாணவி மயங்கி விழ, மாரிசெல்வி காதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு வடைக்கு வேறு ஆள் போனது. வரப்புத் தகராறு, கல்யாண வீட்டுத் தகராறு, பைக் உரசிய தகராறு என்று வந்துகொண்டே இருந்தார்கள். கோபம் வந்தால் அரிவாள், கோபம் தணிந்தால் ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் நடுவில் இவன்களுக்கு வேறு வழியே கிடையாதா என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுப் போடுவாள்.

சித்திரையில் சிவகிரிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். மரத்திலிருந்து விழுந்ததில் வேலிக் கம்பி வயிற்றில் ஏறிவிட்டது. நல்ல மனசுள்ள உறவுக்காரர்கள் அங்கேயே கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தூக்கி வந்திருந்தார்கள். குத்தி நிற்கிற பொருள்தான் அறுந்த ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கும், அதை எடுத்தால் உயிர் அந்த வழியாகவே போய்விடும் என்பது அவள் முதல் வருஷத்தில் படித்த பாடம். அந்த மனிதர் அவள் கையில்தான் செத்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அது ஆறவும் இல்லை.

வைகாசியில் ஒரு மத்தியானம் லோடு ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. கரட்டுக்காட்டு ஊர் ஒன்றில் சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா. முதல் மரியாதை யாருக்கு என்று பங்காளிகளுக்குள் தகராறு முற்றி, எதிர்த்தரப்பில் ஒருவன் சாமியின் ஈட்டியான வல்லயத்தையே எடுத்து வெள்ளத்துரை என்பவனின் தொடையில் குத்திவிட்டான். இடுப்புக்குச் சற்றுக் கீழே ஈட்டி முனை முழுசாக இறங்கியிருந்தது. ஆள் உயரக் கம்பு அப்படியே நின்றது. அவன் மூச்சு விடும்போதெல்லாம் கம்பில் கட்டிய சின்ன மணிகள் குலுங்கின.

"புடுங்காம கொண்டாந்திருக்கியளே, புண்ணியமாப் போச்சு" என்றார் டாக்டர் ரிஸ்வான் அகமது.

"நாங்க எப்பிடிய்யா தொடுவோம்? அது சாமி சாமான். கோமரத்தாடிதான் தொடணும். பைக்ல வந்துக்கிட்டிருக்காரு" என்றார் கூட வந்தவர்.

சாமியாடுகிற அந்தக் கோமரத்தாடி வெள்ளத்துரையின் அண்ணன் செல்லச்சாமிதான். அவர் கை பட்டால் என்ன ஆகும் என்று மாரிசெல்விக்குப் புரிந்துவிட்டது. திருநெல்வேலிக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய டாக்டர் போனோடு வெளியே ஓடினார். அதே நேரம் கதவை உதைத்துக்கொண்டு செல்லச்சாமி உள்ளே வந்தார். உடம்பெல்லாம் சந்தனம், கையில் காப்பு, கண் சிவந்திருந்தது. பின்னாலேயே வந்த கூட்டத்தில் ஒருவன் கண்ணாடித் தடுப்பை அடித்து நொறுக்கினான்.

"தள்ளுட்டி. சாமி சாமான் ஆஸ்பத்திரிலயா கெடக்கும்? பொழுது சாயுறதுக்குள்ள பீடத்துக்குப் போகணும்" என்றார் செல்லச்சாமி.

"எடுத்தா ஒங்க தம்பி செத்துருவாரு, அண்ணாச்சி."

"சாமி பாத்துக்கிடும்."

ஓங்கி ஓர் அறை விழுந்தது. அவள் சுவரில் மோதி, உதடு கிழிந்து, மறுபடி கட்டிலுக்கே வந்தாள். செல்லச்சாமியின் கை கம்பை நோக்கி நீண்டுவிட்டது. கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது எதுவும் இந்த ஆளிடம் செல்லாது. கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஈட்டி இறங்கிய இடத்துக்கு மேலே கம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"நான் வீட்டுக்குத் தூரம். ரெண்டாம் நாளு. தொட்டுட்டேன். இனி நீரு தொடும் பாப்போம்."

சுடுதண்ணீர் பட்டதுபோல் செல்லச்சாமி கையை இழுத்துக்கொண்டார். கூட்டம் பின்வாங்கியது. முதலில் கத்தியது கட்டிலில் கிடந்தவன்தான். "கைய எடுட்டி, தீட்டுப் பட்டா குலமே வெளங்காதுட்டி" என்று வெள்ளத்துரை அவள் மணிக்கட்டைப் பிராண்டினான், முட்டியால் இடிக்கப் பார்த்தான். அசைந்த இடத்தில் ரத்தம் கொப்பளித்தது. செத்துக்கொண்டிருக்கிறவனுக்கு வருகிற கோபத்தைப் பார் என்று அவளுக்கு அவன்மேல் வெறியே வந்தது. கையை மட்டும் விடவில்லை.

அவளைத் தொட முடியாத செல்லச்சாமி, குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பத்தைத் தூக்கினார். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதில் காறை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கண் இருட்டியது. முழங்காலைக் கட்டிலில் முட்டுக்கொடுத்து நின்றாள். மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது டாக்டரும் ஆம்புலன்ஸ் ஓட்டும் பாதுஷாவும் அவரை இடுப்போடு கட்டிப் பிடித்துக் கீழே தள்ளினார்கள்.

இத்தனை நீளக் கம்போடு வண்டியில் ஏற்ற முடியாது. பாதுஷா ரம்பம் எடுத்து வந்தான். அவனைத் தடுக்க யாரும் வரவில்லை. "அறுங்க, இனி அது வெறும் கம்புதான்" என்றார் ஊர்க்காரர் ஒருவர். அறுத்த மேல்பாதி தரையில் விழுந்தது. கீழ்ப்பாதியைப் பிடித்தபடியே மாரிசெல்வி திருநெல்வேலி வரை போனாள். வெள்ளத்துரை மயக்கம் போடும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். அறுவை அரங்கின் வாசலில் அவள் விரல்களை வேறு ஒருத்தி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

அவன் பிழைத்துக்கொண்டான். காலும் தப்பியது. நன்றி சொல்ல அந்த ஊரிலிருந்து ஒரு குருவிகூட வரவில்லை. சாமியைத் தீட்டாக்கியவள் என்று ஏசியதாகத்தான் பேச்சு வந்தது. வேறு ஊரில் இடம் கேட்டு வாங்கித் தருவதாகக் கல்லூரியில் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டு, எலும்பு கூடியதும் அதே அறைக்கு வேலைக்கு வந்தாள்.

ஆடி முடிகிற சமயத்தில் செல்லச்சாமி வந்து நின்றார். சட்டை போட்டு, தலை சீவி, சாதாரண சம்சாரி போலிருந்தார். நர்ஸ் சண்முகசுந்தரி போலீஸுக்குப் போன் போடக் கையை நீட்டினாள். மாரிசெல்வி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னைக்கு நீ சொன்னது நெசமா?"

"பொய்யி."

"அப்ப சாமிக்குத் தீட்டு இல்ல."

"இல்ல."

அவர் முகம் தெளிந்தது. உடனேயே மறுபடி மாறியது. "நான் புடுங்கியிருந்தேம்னா?"

"இந்தக் கட்டில்லயே முடிஞ்சிருப்பாரு. நீங்கதான் கொன்னிருப்பீய."

செல்லச்சாமி தன் வலது கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே தன் கன்னத்தில் அறைந்தார். மறுபடி அறைந்தார். இரண்டு கையாலும் மாறி மாறி, மூக்கில் ரத்தம் வரும்வரை அறைந்துகொண்டார். மாரிசெல்வி உடனே தடுக்கவில்லை. அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது, அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை. பிறகு எட்டி, அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும். உக்காருங்க, மூக்கப் பாப்போம்."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.