முதல் சொல் ஆர்ட்டிகிள் நம்பர்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் ஒரு ஷூ கம்பெனியின் வேலூர் ஆபீஸில் நான் கிளார்க். தினமும் காலையில் பஸ் ஏறி ஆம்பூர் ஃபேக்டரிக்குப் போவேன். கட்டிங் சூப்பர்வைசர் அன்றைக்கு வேண்டிய தோலுக்குச் சீட்டு எழுதித் தருவார். அதைக் கொண்டுவந்து வேலூர் ஸ்டோரில் கொடுக்க வேண்டும். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. முழங்கால் வலி நாட்குறிப்பில் தினமும் ஒரு வரி பிடித்தது.

இரண்டு இடத்துக்கும் இன்டர்நெட் வந்ததும் சாட் புரோகிராமில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அவர் அங்கே ஒரு வரி அடித்தால் இங்கே சீட்டு பிரிண்ட் ஆகும். டாலர் குறியோடு 1 என்று எழுதினால் அந்த வரியின் முதல் சொல். அது ஆர்ட்டிகிள் நம்பர், எந்த ஷூவுக்கு என்று சொல்லும் எண். 2 கலர். 3 எத்தனை தோல் என்பது. இடைவெளி வந்தால் அடுத்த சொல், அவ்வளவுதான். மூன்று நாள் சோதனை, சரியாக வந்தால் பஸ் பயணம் வேண்டாம் என்று நானே எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினேன்.

முதல் நாள் ஸ்டோர்கீப்பர் சீட்டோடு வந்தார்.

"இன்னா சார் இது? ஆர்ட்டிகிள் 'சார்'னு இருக்கு. கலர் 214. அந்தக் கலர் நம்மகிட்ட கம்மி சார்."

சூப்பர்வைசர் அடித்திருந்தது: "சார் 214 பிளாக் 60". உடனே போன் செய்தேன்.

"சார்னு போடாதீங்க. நேரா நம்பர்ல ஆரம்பிங்க."

"பெரியவங்களுக்கு மொட்டையா எப்டி சார் அனுப்பறது?"

"அது மிஷின் படிக்கிறதுங்க."

"சரி சார்."

மறுநாள் வந்தது: "ஓகே சார் 308 டான் 45". சீட்டின்படி, டான் கலருக்குப் பதில் 'சார்' கலரில் 308 தோல். ஸ்டோர்கீப்பர் இந்தத் தடவை சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே ஸ்கிரிப்ட்டை மாற்றினேன். மைனஸ் 1 என்றால் கடைசிச் சொல், அது எத்தனை தோல் என்பது; மைனஸ் 2 அதற்கு முந்தியது, கலர். முன்னால் எத்தனை மரியாதை வந்தாலும் கவலையில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் பக்கத்தில் நின்றார். சூப்பர்வைசர் நான் சொன்னதை மதித்து நம்பரில் ஆரம்பித்திருந்தார்: "117 பிரவுன் 50 சார்".

மேனேஜர் சீட்டைப் படித்தார். "தோல் எத்தனை? 'சார்'. நாளைக்கு வழக்கமான பஸ்தானே?"

மறுநாள் பள்ளிகொண்டா தாண்டும்போதுதான், 'சார்' என்ற அந்த ஒரு சொல்லை நீக்கிவிட்டு எண்ணச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் மூன்று நாள் என்று எழுதியது நான்.

சூப்பர்வைசர் எழுந்து நின்று சீட்டைக் கொடுத்தார். 214, பிளாக், 40. வேறொன்றும் இல்லை.

"இதுல சார் போடலையே?"

"நீங்கதான் நேர்ல வந்துட்டீங்களே சார். சீட்டுல எதுக்கு?"

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாற்பது பஸ்ஸைப் பிடித்தேன்.