ஆனந்தராசா அண்ணன் வாங்காத வீடுகள்

ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கி பகுதிக் கிடங்கில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, பின்னால் ஃபோர்க்லிஃப்ட் வருவதைக் கவனிக்காமல் நின்றேன். எதிரே ஒருவர் கையை ஆட்டி, "த... த... த..." என்றார். தாளம் போடுகிறார் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். ஹாரன் சத்தத்தில் நான் துள்ளி விலகிய பிறகுதான் "தம்பி!" முழுதாக வந்து சேர்ந்தது. அவர்தான் யாழ்ப்பாணத்து ஆனந்தராசா அண்ணன்.

டீம் லீடர் பதவி அவரைத் தேடி வந்திருந்தது. ஆசையும் இருந்தது. ஆனால் டீம் லீடர் தினமும் காலையில் எல்லோர் முன்னாலும் நின்று பாதுகாப்பு விதிகளைப் பேச வேண்டும்.

"மூச்சை நல்லா இழுத்துப் பேசுங்கண்ணே," என்றேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அறிவுரை தானாக வரும்.

"இ... இழுத்தால் உள்ளுக்கையே நிண்டிடுது தம்பி."

கடைசியில் பிளாட் புஷ்ஷில் கம்சாயினி என்ற பேச்சுப் பயிற்சியாளரிடம் போனோம்.

"அங்கிள், சனிக்கிழமை ஓப்பன் ஹோமுக்குப் போங்கோ. விக்கிற வீடுகளைப் பார்த்து ஏஜெண்டிட்டக் கேள்வி கேளுங்கோ. வேணுமெண்டே திக்குங்கோ."

"அ... அது எனக்குச் சும்மாவே வரும் பிள்ளை."

"சும்மா வந்தால் பயம். நீங்களாச் செய்தால் விளையாட்டு. ஆக்லாந்தில உங்களை அவசரப்படுத்தாத ஆள் ஏஜெண்ட் மட்டுந்தான்."

உண்மைதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் அண்ணன் "கி... கி..." என்று தொடங்கினார். இன்னொரு குடும்பம் மாடி முழுக்கப் பார்த்துவிட்டுக் கிளம்பியே போனது. ஏஜெண்ட் சிரிப்பு மாறாமல் நின்றார். "...கிச்சன்!" வந்ததும் கை தட்டாத குறை.

ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏஜெண்ட் கேட்டபோது அண்ணன் தன் சொந்த போன் நம்பரையே கொடுத்திருந்தார். திங்கட்கிழமை இடைவேளையில் ஏஜெண்டுகள் வரிசையாக அழைத்தார்கள். போன் என்றாலே ஒளிகிற மனுஷன்! கம்சாயினியிடம் முறையிட்டார்.

"எடுங்கோ அங்கிள். அதுதான் ஹோம்வொர்க்."

சில வாரங்களில், சாண்ட்விச்சைக் கடித்தபடியே கராஜ் சிறிது, சமையலறையில் வெளிச்சம் போதாது என்று போனில் ஆங்கிலத்தில் விளாசத் தொடங்கிவிட்டார்.

"நிஜமா வாங்கப்போறவர் மாதிரியே குறை சொல்றீங்களேண்ணே!"

"வா... வாங்காதவனுக்குத்தான் தம்பி வடிவாக் குறை தெரியும்."

பதவியை ஏற்றார். முதல் காலைப் பேச்சில், வேண்டுமென்றே "கு... கு... குட் மார்னிங்" என்று எடுத்த எடுப்பிலேயே திக்கிக் காட்டினார். அதற்குமேல் ஒளிக்க எதுவுமில்லை. நடுவே ஒரு சொல் நிஜமாகவே மாட்டியது. அவசரப்படாமல் நின்று, அதை முடித்து, அடுத்ததற்குப் போனார்.

இப்போது ஆனந்தராசா அண்ணன்தான் எங்கள் டீம் லீடர். திக்கல் எப்போதாவது வரும். பேச்சைக் கொஞ்சம் சுருக்கும்படி நாங்கள்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.