பத்தரை மணிக் கையெழுத்து

ஜாமீன் கையெழுத்துப் போட்டால் வீடு போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. எனக்கும் இருந்தது. ஆனாலும் போட்டேன். எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் இந்த வீட்டைக் கட்டியது நான். பின்னால் தகர ஷெட் போட்டு ஜாப் ஒர்க் பனியன் கம்பெனி ஆரம்பித்ததும் நான்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. இப்போது கம்பெனியை மகன் பார்த்துக்கொள்கிறான். அவன் பார்க்கிறதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்னிடம் வந்து கேட்டது எங்கள் கம்பெனியில் தைத்த பனியன்களைச் செக்கிங் பார்க்கிற அம்மா. திருநெல்வேலிப் பக்கம். அவரும் அவருடைய சர்ச்சில் சிலரும் ஒரு வக்கீலம்மாவும் சேர்ந்து, ஜெயிலில் இருக்கிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உதவி செய்துவருகிறார்கள். கோர்ட்டு ஜாமீன் கொடுத்த பிறகும், பொறுப்பேற்க உள்ளூர் ஆள் இல்லாமல் உள்ளேயே கிடக்கிறவர்கள் உண்டு என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“எம்மா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீய. எங்க ஊர்ப் பையன். இங்கதான் டெய்லரா இருந்தான். ஒரு அடிதடி கேஸுல கோயம்புத்தூர் ஜெயில்ல கிடக்கான். ஜாமீன் கிடைச்சு மாசக்கணக்காச்சு. வாடகை வீட்டுல இருக்க நாங்க கையெழுத்துப் போட்டா எடுபடாதாம்.”

எங்களிடம் அப்போது ஓவர்லாக் மிஷின் ஒன்று ஆளில்லாமல் துணி போர்த்திக் கிடந்தது. அவன் ஓவர்லாக் டெய்லர். புண்ணியத்துக்காகவே செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

கோர்ட்டில் வீட்டு வரி ரசீதைப் பார்த்துவிட்டு நீதிபதி கேட்டார், “இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“இனிமேத்தானுங்க வேணும். என்ற கம்பெனிக்கு டெய்லரா வரப்போறானுங்க.”

அவர் சிரித்துவிட்டார். நான் என் பெயரை நிதானமாக எழுதி முடிக்கும் வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள்.

வெளியே வந்த பிறகுதான் வக்கீலம்மா ஒரு நிபந்தனையை விளக்கினார். தினமும் காலை பத்தரை மணிக்கு அவன் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் ஜாமீனை ரத்து செய்துவிடலாம், மறுபடியும் உள்ளேதான்.

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஓவர்லாக்காரர் தோளைச் சேர்த்துக் கொடுத்தால்தான் அடுத்த மிஷின்காரர் கழுத்துப் பட்டி வைக்க முடியும். லைனின் நடுவில் ஒருவர் எழுந்து போனால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

“தினமும் நடு ஷிப்டுல எந்திரிச்சுப் போற ஆள வெச்சுட்டு நான் எப்படீங்கம்மா டெலிவரி குடுக்கறது? வேற எங்காச்சும் சேத்தி உடுங்க.”

“வேற எங்க போனாலும் இதே பத்தரைதான் கண்ணு. டீ நேரத்த முன்னால தள்ளிக்கலாம். டீக்கு எப்படியும் லைன் நிக்குதல்ல?”

பதினோரு மணி டீயைப் பத்து மணிக்கு மாற்றினோம். அவன் காலையில் சீக்கிரம் வந்து கொஞ்சம் பண்டலுக்குத் தோளைச் சேர்த்து வைத்துவிட வேண்டும், அவன் திரும்பி வரும் வரைக்கும் மற்றவர்களுக்கு அது போதும். பெண்கள் முனகினார்கள். “ஊட்டுல குடிச்ச காப்பியே இன்னும் எறங்கலீங்க” என்றாள் ஒருத்தி. டீக்காரர், “உங்க ஒரு கம்பெனிக்காக நான் அடுப்ப முன்னால பத்த வைக்கோணுமாக்கும்” என்றார். ஆனால் பத்து மணிக்கு டீ வந்தது. டீ வந்ததும் மிஷின்கள் நிற்கும், அவன் எழுந்து ஓடுவான். நாட்கள் நல்லபடியாகப் போயின.

நாங்கள் செய்த தவறு, மணியை மறந்து டீயை நம்பியது. பனியன் கம்பெனிக்காரர்களுக்கு டீ கேன்தான் கடிகாரம். ஒரு நாள் வீட்டுக்குள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஷெட்டில் மிஷின் சத்தம் நிற்கவே இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. சுவரைப் பார்த்தால் பத்து இருபது.

போய்ப் பார்த்தேன். எல்லோரும் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவனும் தைத்துக்கொண்டிருந்தான், கண் மட்டும் வாசல் கேட்டில் இருந்தது. முகமெல்லாம் வியர்வை.

“ஏங்கண்ணு, போகுலியா?”

“டீ இன்னும் வரலியே ஆச்சி. எல்லாரும் ஓட்டுறாங்க. நான் மட்டும் எந்திரிச்சா லைன் நின்னுரும்லா.”

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு கிளாஸ் டீ வராததற்கு ஒருவன் மறுபடி ஜெயிலுக்குப் போவதா? ஆட்டோவுக்கு ஆள் அனுப்பலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மகன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு பைக் சாவியை எடுத்திருந்தான்.

“ஏறு. கெட்டியாப் புடிச்சுக்கோ.”

அவர்கள் போன பிறகு யாரும் மிஷினை மிதிக்கவில்லை. செக்கிங் அம்மா வாய்க்குள் ஜெபம் சொன்னார். அதற்குள் டீக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். வழியில் பஞ்சராம். அவரைத் திட்டக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்த மகன் சொன்னான். “ஏட்டய்யா கடியாரத்தக் காமிச்சாருங்க. வண்டி பஞ்சருங்கன்னு சொன்னேன். முனகிட்டே நோட்டத் தள்ளுனாரு.”

“ஏண்டா, பஞ்சரானது டீக்காரர் வண்டிதான?”

“போற வழியில அவரப் பாத்தனுங்கம்மா. யாரு வண்டின்னு ஏட்டய்யா கேக்கலீங்க.”

அன்று சாயங்காலமே ஷெட்டில் மின்சார மணி மாட்டினான். டீ வந்தாலும் வராவிட்டாலும் பத்து மணிக்கு அது அடிக்கும், எல்லோரும் நிறுத்த வேண்டும்.

பிறகு வக்கீலம்மா மனுப் போட்டு, தினக் கையெழுத்து வேண்டாம் என்று உத்தரவு வாங்கிக் கொடுத்தார். கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தா நாளில் மகனே அவனுக்கு லீவு சொல்லிவிடுகிறான், நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

உத்தரவு வந்த மறுநாள் பத்து மணிக்கு மணி அடித்ததும் டெய்லர் பையன் பழக்கத்தில் எழுந்து கேட் வரைக்கும் போய்விட்டான். பெண்கள் கூப்பிட்டு உட்கார வைத்துக் கையில் கிளாஸைக் கொடுத்தார்கள். ஒரு வாய் உறிஞ்சியவன் நாக்கைச் சுட்டுக்கொண்டு முழித்தான். அதுவரைக்கும் ஸ்டேஷனிலிருந்து வந்து ஆறிப்போன டீயைத்தான் குடித்திருக்கிறான்.

“ஏனுங்க, ஜெயிலையே பாத்துட்டு வந்த ஆளு, இந்தச் சூடு தாங்க மாட்டீங்களா?” என்றாள் காப்பி எறங்காதவள்.

அவன் சிரித்துக்கொண்டே ஊதி ஊதிக் குடித்தான். டீ நேரம் முடிந்தும் மகன் மணியைப் பார்க்காத மாதிரி நின்றான். நானும் அவசரப்படுத்தவில்லை.